பிரிச்ச கூரையை யார் மூடுறது?

எங்க வீட்டுக் கூரையைப் பிரிச்சுப் போட்டு இன்னையோட 23 நாள் ஆகுது. "ஆறே நாள்க்கா, ஏழாவது நாள் உள்ள படுத்துத் தூங்குவீங்க"ன்னு சொல்லி 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கின மேஸ்திரி மூணு நாள் வந்தார். மூணாவது நாள் சாயந்தரம் ஏணியை எடுத்துட்டுப் போனவர்தான். ஏணியையே எடுத்துட்டுப் போறாரே, அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்னு அம்மா திட்டுறாங்க.

தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல தாத்தா கட்டின ஓட்டு வீடு. சித்திரையில ஒரு நாள் சாயந்தரம் ஆலங்கட்டி மழை அடிச்சு மேற்குப் பக்கத்து ஓடு பாதி போச்சு. மிச்சத்தைக் குரங்கு பார்த்துக்கிச்சு. சட்டத்துலயும் ரெண்டு இடத்துல கரையான். சரி, மொத்தமா பிரிச்சு, ஓடு மாட்டற மரப்பட்டை ரீப்பரை மாத்தி, நல்ல ஓட்டையெல்லாம் திரும்ப மேஞ்சுடலாம்னு முடிவு பண்ணோம். வைகாசி, ஆனி முழுக்க ஆள் தேடினேன். பாலக்கோடு, ராயக்கோட்டை, பென்னாகரம்னு கேட்காத இடம் இல்ல. எல்லாரும் ஒரே பாட்டு: "ஓடெல்லாம் இப்ப யாரும் மேயறதில்லக்கா, ஷீட் போட்டுடுங்க." ஆடியில வேலை தொடங்கக் கூடாதுன்னு அம்மா. ஆவணி பொறந்ததும் இந்த ஆள் கிடைச்சார். கூட்டுறவு சங்கத்துல நகையை வச்சு எடுத்த காசு அந்த அட்வான்ஸ். அரசோட கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல குடிசை வீட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுக்கறாங்க, நல்ல விஷயம். எங்களுது குடிசை இல்லையே. ஓட்டு வீட்டுக்காரன் ஓட்டைக்கு அவன் கைக்காசுதான்.

முதல் நாளே எனக்கு வயிறு எரிஞ்சது. ஓட்டை எப்படி இறக்கணும்? மேல ஒருத்தர், ஏணியில ஒருத்தர், கீழ ஒருத்தர் நின்னு கை மாத்திக் கை மாத்தி இறக்கணும். ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டரை கிலோ இருக்கும். இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? மேல இருந்து மணல் குவியல் மேல வீசுறாங்க. சடசடன்னு சத்தம். நான் ஓடிப் போய் பார்த்தா, ஓட்டுக்குப் பின்னால ரீப்பர்ல மாட்டறதுக்கு ரெண்டு காது மாதிரி இருக்கும் பாருங்க, அது உடைஞ்சு கிடக்கு. காது போன ஓடு எதுக்கு ஆகும்? முன்பக்கம் பார்த்தா முழுசா இருக்கற மாதிரி தெரியும். மேல வச்சா முதல் காத்துக்கே வழுக்கிட்டு வரும். அதுல பழைய ஓடு கொஞ்சத்துல 1865ன்னு அச்சு இருக்கும். அந்த வருஷம் செஞ்ச ஓடுன்னு சின்ன வயசுல நினைச்சுட்டு இருந்தேன். பாசல் மிஷன் பாதிரிமாருங்க மங்களூர்ல ஓட்டு ஆலை ஆரம்பிச்ச வருஷமாம் அது. தாத்தா எங்கேயோ ஒரு பழைய பங்களா இடிச்ச இடத்துல வாங்கி, மாட்டு வண்டியில வைக்கோல் பரப்பி ஏத்திட்டு வந்தாராம். வழியில ஒரு ஓடு கூட உடையலன்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டு இருப்பார். இவங்க ஒரே காலையில நூத்துக்கு மேல உடைச்சாங்க. கேட்டா, "அதான் புது ஓடு வாங்கிக்கலாமேக்கா." யார் காசுல?

சமையல்கட்டு மேல சின்னதா ஒரு சாய்ப்பு இருக்கு. அதுக்கு வேற சைட்ல மிஞ்சின சிமெண்ட் ஷீட்டை என்னைக் கேட்காமலே கொண்டு வந்து, வாசல்ல வச்சு கட்டிங் மெஷின்ல அறுத்தாங்க. வெள்ளைத் தூள் புகை மாதிரி கிளம்பி, துணி, தண்ணிக் குடம், தொட்டில்ல கிடந்த தங்கச்சி குழந்தை வரைக்கும் படிஞ்சுது. அது கல்நார், அதான் ஆஸ்பெஸ்டாஸ், கலந்த ஷீட். எந்த வகை கல்நாரா இருந்தாலும் புற்றுநோய் வரும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டுல அதைத் தோண்டி எடுக்க விடறதில்ல, ஆனா வெளிநாட்டுல இருந்து இறக்கி ஷீட் செஞ்சு விக்கலாம். விக்கறவங்களும் சொல்றதில்ல, அறுக்கறவங்க மூக்குல ஒரு துண்டு கட்டறதும் இல்ல. அறுத்த அந்தப் பையனுக்கு இருபது வயசு கூட இருக்காது. அவனுக்காகவும்தான் கத்தினேன். சிரிச்சுட்டு அடுத்த ஷீட்டை எடுத்தான்.

மாட்டினதையாவது ஒழுங்கா மாட்டினாங்களா? ஷீட்டுல மேட்டுல ஓட்டை போட்டு போல்ட்டு மாட்டணும். பள்ளத்துலதான் தண்ணி ஓடும். இது தெரிய இன்ஜினியர் படிக்கணுமா? அடுப்புக்கு நேர் மேல ஒரு போல்ட்டு, பள்ளத்துல. வாஷரும் இல்ல. இப்ப மழை பேஞ்சா சொட்டுச் சொட்டா சரியா குழம்புச் சட்டியில விழுது.

பெரிய வீட்டுக்கு மேல ஒரு நீலப் படுதா. அதுதான் 23 நாளா எங்க கூரை. மழை பேஞ்சா நடுவுல தண்ணி தேங்கி, மாட்டு வயிறு மாதிரி தொங்கும். ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு எழுந்து உலக்கையைத் தலைகீழாப் பிடிச்சு அதைத் தள்ளி விடணும். கொஞ்சம் தவறினா மொத்தத் தண்ணியும் அம்மா கட்டில் மேல. போன வாரம் அப்படித்தான் ஆச்சு. எழுபத்தி ரெண்டு வயசு ஆளு, நனைஞ்ச போர்வையோட மூலையில உட்கார்ந்து விடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. பரண் மேல இருந்த கேழ்வரகு மூட்டையைக் காலையில பிரிச்சா, உள்ள கையை விட முடியல, அவ்வளவு சூடு. அடியில வெள்ளை வெள்ளையா முளை விட்டிருக்கு. ஒரு வருஷத்துக் களி அது.

போன் பண்ணா எடுக்கறதில்ல. வேற நம்பர்ல இருந்து பண்ணா எடுக்கறார். "நாளைக்கு காலையில வந்துடறேன்க்கா." பதினேழு நாளைக்கு கேட்டாச்சு. விசாரிச்சா, எங்க வீட்டோட சேர்த்து மூணு வீட்டைப் பிரிச்சுப் போட்டிருக்கார். இங்க வாங்கின அட்வான்ஸ்ல அங்க ஜல்லி, அங்க வாங்கினதுல இன்னொரு இடத்துல கூலி. பிரிக்கிறது ஒரு நாள் வேலை. பிரிச்சுட்டா வீட்டுக்காரன் வேற ஆள்கிட்ட போக முடியாது, அந்தத் தைரியம்தான்.

நேர்ல போய் கேட்டதுக்கு என்ன சொன்னார் தெரியுமா? "நம்ம பக்கம் என்னக்கா பெரிய மழை பேஞ்சுடப் போகுது?" இதைக் கேட்டதுல இருந்துதான் எனக்கு ஆறவே இல்ல. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் பெய்யலயா? ஏரி நிறைஞ்சு, ரோட்டுல நின்ன வண்டிகளை அப்படியே உருட்டிட்டுப் போகலயா? எங்க மாவட்டத்து அரூர்ல 33 சென்டிமீட்டர். அந்த ராத்திரி ஊத்தங்கரையில இருக்கற எங்க சித்தி தண்ணி ஏறுது, தண்ணி ஏறுதுன்னு போன்ல அழுதது இன்னும் காதுல இருக்கு. இனிமே புரட்டாசி, ஐப்பசி. எங்களுக்கு மழையே அப்பதான்.

ஆள் கிடைக்கலைன்னா சொல்லுங்க, காத்திருக்கிறோம். காசு பத்தலைன்னாலும் கேளுங்க, புரட்டிக் கொடுக்கறோம். ஓடு மேயத் தெரியாதுன்னா, தெரியாதுன்னு முதல்லயே சொல்லிட்டுப் போங்க. ஒருத்தர் வீட்டுக் கூரையில கை வச்சா, மூடாம அடுத்த வீட்டுக்கு ஏணியைத் தூக்கிட்டுப் போகாதீங்க. கீழ மனுஷங்க படுத்திருக்காங்க.

பென்னாகரத்துல இருந்து பெரியவர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, ஞாயித்துக்கிழமை வேலைக்கு வரேன்னு சொல்லியிருக்கார். ஓடு மேஞ்ச கை. வாசல்ல அடுக்கி வச்ச ஓட்டை ஒவ்வொண்ணா எடுத்து, விரல் முட்டியால தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்தார். கணீர்னு கேட்டது ஒரு பக்கம், மொத்தையா கேட்டது ஒரு பக்கம். நல்லது 410 தேறிச்சு. இன்னும் நானூறு வேணும், பழைய ஓடு எங்க கிடைச்சாலும் வாங்கி வைம்மான்னு சொல்லிட்டு, அட்வான்ஸ் நீட்டினதுக்கு வேலை முடியட்டும்னுட்டார்.

இன்னைக்கு வெள்ளி. மேற்கால கருகருன்னு கட்டியிருக்கு. உலக்கையைக் கட்டில் பக்கத்துல சாத்தி வச்சிருக்கேன்.