எழுத்துப் பிழை திருத்துவதெல்லாம் அனுபவமா என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. இருந்தவர்கள் பார்த்தீர்கள், இல்லாதவர்களுக்கு இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பெண் தன் முதல் புல் ரெக்வெஸ்ட்டை, அதாவது இன்னொருவர் மென்பொருளில் தான் செய்த திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பத்தை, திரையில் காட்டியதும் நம் சீனியர், "பங்களிப்பாம்! இதுக்குப் பேர் ப்ரூஃப் ரீடிங்மா" என்றார். உடனே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. ரெண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

அவள் என்ன செய்திருக்கிறாள் என்று ஒருத்தராவது திறந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட், மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். அதன் ரீட்மீயில் (கூடவே வரும் அறிமுகக் குறிப்பு) நிறுவும் முறை நாலு படி. மூன்றாவது படியின் கட்டளையில் ஃபைல் பெயரில் ஓர் எழுத்து தவறு, அப்படியே காப்பி செய்து ஓட்டினால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று எர்ரர் வரும். அதைத் திருத்தியிருக்கிறாள். ஓர் எழுத்துதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓர் எழுத்துக்காக ஃபோர்க் செய்து (ப்ராஜெக்ட்டைத் தன் கணக்கில் நகலெடுத்து), க்ளோன் எடுத்து (அதைத் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கி), திருத்தத்துக்கென்று தனி பிராஞ்ச் போட்டு, எர்ரரை நிதானமாகப் படித்து, தப்பு தன்னுடையது இல்லை, எழுதியவருடையது என்று நம்பத் தைரியம் வந்து (இதுதான் கஷ்டம், ஆரம்பத்தில் எல்லா எர்ரரும் நம் முட்டாள்தனம் என்றே தோன்றும்), ஏன் மாற்றினேன் என்று மாற்றத்தோடு சேர்ந்து போகும் குறிப்பான கமிட் மெசேஜ் எழுதி, முன்பின் தெரியாத ஒருவர் பார்வைக்கு அனுப்பியிருக்கிறாள். வேலையில் சேர்ந்த முதல் மாதம் நாமெல்லாம் இதைவிடப் பெரிதாக என்ன கிழித்தோம்?

டொனால்ட் க்னூத், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1974இல் வாங்கியவர், தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கு 2.56 டாலர் செக் அனுப்பினார். பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் 256 சென்ட் என்பது 100, அதாவது 'ஒரு டாலர்' என்று அவருக்கே உரிய குறும்பு. வெறும் எழுத்துப் பிழைக்கும் அந்த செக் உண்டு. வாங்கியவர்களில் பலர் வங்கியில் போடாமல் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். நம் சீனியருக்கு க்னூத்தை விட வேலை அதிகம் போலிருக்கிறது.

"இப்படித்தான் ரீட்மீயில் புள்ளி வைத்துவிட்டு ரெஸ்யூமேவில் ஓப்பன் சோர்ஸ் என்று போட்டுக்கொள்கிறார்கள்" என்பீர்கள். தெரியும். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020இல், நாலு புல் ரெக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட் என்றதும் என்ன குப்பை கொட்டினார்கள் என்று எனக்கும் நினைவிருக்கிறது. விருப்பம் தெரிவிக்கும் ப்ராஜெக்ட்டுகள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று அக்டோபர் பிறந்த சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ப்ராஜெக்ட்டுகளைப் பராமரிப்பவர்கள் கோபப்பட்டதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் இவள் டி-ஷர்ட்டுக்குச் செய்யவில்லையே. அந்தக் கட்டளை அவளுக்கே ஓடவில்லை, அதனால் திருத்தினாள். இந்த வித்தியாசம் தெரியாதவர் எப்படி சீனியர் ஆனார் என்று கேட்டால் நான் மரியாதை இல்லாதவன் ஆகிவிடுவேன்.

"ஏஐ நொடியில் எழுதித் தரும்போது இதையெல்லாம் எதற்குக் கற்க வேண்டும்?" தரட்டும். அது எழுதித் தந்தது உடையும்போது எர்ரரைப் படிக்க ஆள் வேண்டுமே. அவ்வளவுதான், மேலே போகிறேன்.

என் கதை ஒன்று. படித்து முடித்து வேலை இல்லாமல் இருந்தபோது ஒரு சின்ன நூலகத்துக்கு, யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று பதிவு செய்ய, நானாகவே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் இருபது புத்தகத்தை வைத்து ஓட்டியபோது ராஜா மாதிரி ஓடியது. அங்கே போட்டு அரை மணி நேரம் ஆகவில்லை, நூலகர் அம்மா ஓர் ஆங்கிலத் தலைப்பை டைப் செய்தார், அதில் ஓர் அபாஸ்ட்ரஃபி ('), மொத்தமும் படுத்துவிட்டது. அவர் அடித்ததை அப்படியே டேட்டாபேஸுக்குக் கட்டளை இடும் எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டியிருந்தேன், அந்தக் குறியைப் பார்த்ததும் தலைப்பு அங்கேயே முடிந்தது என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொண்டது. அடிக்கிற எழுத்தே கட்டளையாகி டேட்டாபேஸைக் குழப்பும் ஓட்டையை எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று படித்துப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியவன்தான் நான். அதுவும் இதுவும் ஒன்று என்பது அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. திருத்திக் கொடுத்த பிறகும் மூன்று மாதம் அவர் பழைய நோட்டைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்திருந்தார், இரண்டிலும் எழுதுவார். ஒரு நாள் போனபோது மேசையில் நோட்டு இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அனுபவம் என்றால் இதுதான். நாம் எழுதியதை நமக்குத் தெரியாத இன்னொருவர் தொடுவது. அளவு எவ்வளவு சின்னதாக இருந்தால் என்ன?

என் முதல் இன்டர்வியூவில் இதைத்தான் சொன்னேன். எதிரே இருந்தவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, "லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டமாம்" என்றார். அந்த 'ஆம்' இருக்கிறதே, இத்தனை வருடம் கழித்தும் காதை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை மறுபடி கேட்டேன். சரி, உனக்குப் பழைய காயம், அதை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறாய் என்பீர்கள். ஆமாம், கொட்டுகிறேன். ரெண்டு வருட அனுபவம் வேண்டும் என்று விளம்பரம் கொடுப்பதும் நாம்தான், அதைத் தேடி முதல் அடி வைக்கிறவளைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதும் நாம்தான்.

"நாங்களும் திட்டு வாங்கித்தான் வளர்ந்தோம்" என்று வராதீர்கள். திட்டு வேறு, சிரிப்பு வேறு. இந்த வரியில் இது தப்பு என்று கிழித்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதுவும்கூட, திட்டுவதற்கே பேர்போன லினஸ் டோர்வால்ட்ஸ் 2018இல் தன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கி இருந்தார். லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிவைத்தவருக்கே அது முடிந்திருக்கிறது. நம் ஆளிடமிருந்து நேற்று வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பெண் சனிக்கிழமை ராத்திரியே தன் புல் ரெக்வெஸ்ட்டை மூடிவிட்டாள். யாரும் மூடச் சொல்லவில்லை. சற்று முன் அந்த மூன்றாவது படியை ஓட்டிப் பார்த்தேன். அதே எர்ரர்தான் வருகிறது.