நாடி திறக்க 15,000 ரூபாய் கொடுக்க முன்னம் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்

போன வெள்ளிக்கிழமை விடிய வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் மெரிடியன் யோகா என்று ஒரு வகுப்பு நடக்குதாம். மூன்று நாளைக்கு 15,000 ரூபாயாம். அடைபட்ட நாடியெல்லாம் திறந்துவிடுவினமாம். அம்மாவுக்குச் சீனி வருத்தம்தானே, கூட்டிக்கொண்டு போகட்டோ?" என்று கேட்டாள்.

"எங்கே போனாலும் குளிசையை மட்டும் நிற்பாட்ட விடாதே" என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகு அது போதாது என்று பட்டது. இந்தக் கேள்வி இந்த வருடத்தில் மட்டும் என்னிடம் நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நாடி என்பது யோகம் சொல்கிற, உயிர்ச்சக்தி ஓடுகிற வழி; மெரிடியன் என்பது சீன மருத்துவம் சொல்கிற சக்தித் தடம். இரண்டையும் கீழே விளக்குகிறேன்.

என் சொந்த அக்காவுக்குப் பத்து வருடத்துக்கு மேலாகச் சலரோகம். இரண்டு வருடத்துக்கு முன் அவரும் இப்படி ஒரு வகுப்புக்குப் போனார். அங்கே சொல்லிக்கொடுத்தவர் அக்காவின் இடது உள் கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே அழுத்திப் பார்த்து, "மண்ணீரல் மெரிடியன் இந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது. 40 நாளில் திறந்துவிடலாம். ஆனால் மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் திறக்காது" என்றாராம். அக்கா எங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை விட்டுவிட்டார். மூன்றாவது கிழமை செருப்பு வார் உரசி அதே காலில் ஒரு சின்னக் காயம். காயம் ஆறவில்லை, அவரும் காட்டவில்லை. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று கிளினிக் கொப்பியைத் தேடினேன். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. இரண்டு கிளினிக் தவறியிருந்தது. சின்ன விரலை எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் நாடியை நம்பாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினெட்டு வருடமாக நாடிசுத்தி, அதாவது மூக்கை மாறி மாறி அடைத்து மூச்சு விடுகிற பயிற்சி, செய்கிறேன், சொல்லியும் கொடுக்கிறேன். அது இல்லாமல் என் நாள் விடிவதில்லை. அதனால்தான் அந்தப் பெயரைச் சொல்லி இப்படிச் செய்கிறபோது எனக்கு இரண்டு மடங்கு வலிக்கிறது.

யோகம் எங்கள் ஊருக்கு வெளியிலிருந்து வந்த உல்லாசப் பயணப் பொருள் இல்லை. 1953இல் ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் தன் சீடர் சச்சிதானந்தரை இலங்கைக்கு அனுப்பியபோது, அவர் முதலில் வந்து பணி செய்தது நம் திருகோணமலையில். அப்புறம்தான் கண்டி. அதே சுவாமிதான் 1969இல் அமெரிக்காவில் வூட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் மேடையில் உட்கார்ந்து அந்தப் பெரிய இளைஞர் கூட்டத்தோடு பேசியவர். இங்கே பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்த கலை அங்கே போய், இன்று வேறு பெயரோடு கடற்கரை ஹோட்டலுக்குத் திரும்பி வந்திருக்கிறது. வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் எது எங்கே இருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு படிப்போம்.

முதலில் நாடி என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கிறாரே, அதுவும் நாடி. அந்தச் சித்த மருத்துவத்தைக் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். ஏட்டில் பலன் சொல்கிறவர்களும் நாடி என்கிறார்கள். நாங்கள் கை வைத்துக்கொண்டு யோசிக்கிற முகவாயும் நாடிதான். யோக நூல்கள் சொல்கிற நாடி வேறு. அது பிராணன் ஓடுகிற வழி. இடப்பக்க மூக்கோடு சேர்ந்த இடகலை, சந்திரன், குளிர்ச்சி. வலப்பக்கம் பிங்கலை, சூரியன், வெப்பம். முதுகுத்தண்டின் நடுவே சுழுமுனை.

எத்தனை நாடி என்று கேட்டால் நூலுக்கு நூல் கணக்கு மாறும். கட உபநிடதம் இதயத்திலிருந்து 101 நாடி என்கிறது. ஹட யோகப் பிரதீபிகை 72,000 என்கிறது. சிவ சங்கிதையோ மூன்றரை இலட்சம் என்று சொல்லி, அதில் 14 முக்கியம் என்கிறது. நம் சித்தர் மரபில் தச நாடி, பத்து. சிலது இதயத்தில் தொடங்கும், சிலது தொப்புளுக்குக் கீழே கந்தம் என்கிற இடத்தில் தொடங்கும். வெட்டிப் பார்த்து எண்ணியிருந்தால் இப்படி மாறுமா? ஆரிய சமாஜத்தைத் தொடங்கிய தயானந்த சரஸ்வதி ஆற்றில் மிதந்து வந்த ஒரு பிணத்தைக் கரைக்கு இழுத்து, அறுத்து, நூலில் சொன்ன சக்கரமும் நாடியும் இருக்கிறதா என்று பார்த்தாராம். ஒன்றும் பொருந்தவில்லை. பிணத்தோடு சேர்த்து அந்தப் புத்தகங்களையும் ஆற்றில் விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய நேர்மை எனக்குப் பிடிக்கும். முடிவு பிடிக்காது. மூச்சைக் கவனிக்கிறவனுக்கு என்று எழுதிய வழிகாட்டியை மூச்சு நின்ற உடம்பில் வைத்துப் பார்த்தால் எப்படிப் பொருந்தும்?

இதற்கு நல்ல சாட்சி திருமூலர். இடகலைக்கும் பிங்கலைக்கும் இமயத்தையும் இலங்கையையும் சொல்லி, நடுவில் நிற்கும் மேருவைச் சுழுமுனை என்கிறார் திருமந்திரத்தில். நாங்கள் நிற்கிற இந்தத் தீவே அவருக்கு நாடிக் கணக்கில் வருகிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற நாட்களில் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே கடலைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டுத்தான் ஞாபகம் வரும். இமயத்துக்கும் இலங்கைக்கும் இடையில் குழாய் ஓடுகிறது என்று அவர் சொல்லவில்லை. உடம்பையும் உலகத்தையும் ஒரே தியானத்தில் உட்கார வைக்கிறார். அதில் எங்கே வந்தது அடைப்பு?

சரி, மெரிடியன்? அது சீன மருத்துவத்தின் கணக்கு. முக்கியமானவை 12, அவற்றோடு உடம்பின் நடுக்கோட்டில் முன்னும் பின்னும் ஓடுகிற இரண்டு. அக்குபங்சர் புள்ளிகள் 361. அதுவும் ஆதியிலிருந்தே இப்படி இருந்ததில்லை. கி.மு. 168இல் மூடிய, சீனாவின் மவாங்துய் கல்லறையிலிருந்து 1973இல் எடுத்த பட்டுச் சுவடிகளில் 11 தடங்கள்தான் இருக்கின்றன. மெரிடியன் என்ற பெயரே சீனப் பெயர் அல்ல, ஐரோப்பியர் வைத்தது. அதை ஆசனத்தோடு சேர்த்தது கடந்த சில பத்து வருடங்களில். ஜப்பானின் ஹிரோஷி மோட்டோயாமா நாடியையும் மெரிடியனையும் ஒப்பிட்டார். அவரிடம் படித்த அமெரிக்கர் போல் கிரில்லி, ஒரு ஆசனத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் அசையாமல் கிடக்கிற யின் யோகாவில் அதை இணைத்தார். யின் யோகா நல்ல பயிற்சி. இறுகிப்போன இடுப்புக்கும் தொடைக்கும் அது செய்கிற உதவியை நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் "சிறுநீரக மெரிடியன்தான் உங்கள் இடகலை" என்று ஒருவர் சொன்னால், அந்த இரண்டு மரபையும் அவர் சரியாகப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நாடியில் தொட்டுப் பார்க்கக் கூடியது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. என் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களை முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி ஒன்று கொண்டுவரச் சொல்வேன். விடிய ஐந்தரைக்குக் கண்ணாடி கொஞ்சம் குளிர்ந்திருக்கும். மூக்குக்குக் கீழே, மேல் உதட்டோடு ஒட்டி, கிடையாகப் பிடித்து மெதுவாக மூச்சு விட வேண்டும். கண்ணாடியில் மூச்சு ஆவியால் இரண்டு புகார்த் திட்டுகள் விழும். ஒன்று உள்ளங்கைக் குழி அளவு இருக்கும், மற்றது ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. பெரியது மெதுவாக ஓரத்திலிருந்து மறையும், சின்னது சட்டென்று போய்விடும். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பலருக்கு அது மாறியிருக்கும். போன மாதம் ஒரு அம்மா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ர மூக்கு அறுபது வருஷமா இப்படியோ செய்துகொண்டிருந்தது?" என்றார்.

இடகலையும் பிங்கலையும் மாறி மாறி ஓடும் என்று நம் ஆட்கள் சொன்னது இதைத்தான். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895இல் இதை எழுதினார். மூக்கின் உட்பக்கச் சதையில் இரத்தம் நிறைந்து ஒரு பக்கம் வீங்க, மற்றப் பக்கம் வடியும். நம் விருப்பம் இல்லாமலே இயங்குகிற தன்னியக்க நரம்பு மண்டலம் அதை நடத்துகிறது. ஒருக்களித்துப் படுத்தால் மேல்பக்க மூக்கு திறக்கும். சாமியார்கள் அக்குளில் யோக தண்டம் என்ற கோலை ஊன்றிக்கொண்டு உட்கார்வதும் இந்தக் காரியத்துக்குத்தான்.

அதோடு மூச்சின் வேகம். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஜெபமாலை சொல்கிறவர்களையும் மந்திரம் சொல்கிறவர்களையும் அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற திறன் கூடியது. என் வகுப்பில் கத்தோலிக்க அக்கா ஒருவர் இருக்கிறார். இதைச் சொன்னபோது, "அப்ப நான் இவ்வளவு காலமும் பிராணாயாமம்தான் செய்திருக்கிறன்" என்று அவருக்கு எவ்வளவு சந்தோஷம்!

ஆனால் நல்லது என்பதற்காக எல்லாருக்கும் எல்லாம் இல்லை. திருமூலர் சொன்ன கணக்கு, மாத்திரை என்ற நேர அளவில் 16 இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது. பிரஷர் உள்ளவர்கள் வீடியோ பார்த்து அதைத் தொடங்காதீர்கள். அடக்கவே வேண்டாம், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், அதுவே நிறைய. சீனிக்குக் குளிசை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் கடும் ஆசனம் செய்தால் சீனி திடீரென்று இறங்கித் தலைசுற்றலாம். உடற்பயிற்சி சீனியைக் கட்டுப்படுத்த உதவும்தான், குளிசையோடு சேர்ந்து. கணையத்துக்கு ஏதோ வாசல் திறக்கும் என்று யார் சொன்னாலும், நாடி பெயரில் சொன்னாலும் மெரிடியன் பெயரில் சொன்னாலும், எழுந்து வந்துவிடுங்கள். "மருந்தை விடு" என்ற சொல் வந்தால் செருப்பைத் தேடிக்கூட நிற்க வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்கு நேற்றுப் போன் எடுத்தேன். அம்மாவைக் கிளினிக் கொப்பியோடு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். காசு வேண்டாம், ஒரு கண்ணாடி போதும். வர நினைக்கிற மற்றவர்களும் வரலாம்.

அக்கா இப்போது காலைக் குளிசையைப் போட்டு, சாப்பிட்டு, சமையலெல்லாம் முடிந்த பிறகு விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து நாடிசுத்தி செய்கிறார். பெருவிரலால் வலப்பக்க மூக்கை அடைத்து, பிறகு மோதிர விரலால் இடப்பக்கத்தை அடைத்து, ஒன்பது சுற்று. கிளினிக் கொப்பி கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.