நாற்பது தடவை எடுத்தாலும் அது நடுக்குழாய் ரீடிங்தான்

நேற்றைய வாக்கெடுப்புச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "தடுப்பூசியை நம்புகிறீர்களா?" என்று ஒருவர் தன் இணையப் பக்கத்தில் வாக்கெடுப்பு வைத்துக் கேட்டார். ஆயிரக்கணக்கானோர் பொத்தானை அழுத்தினார்கள். மறுநாள் காலையிலேயே "மக்கள் நம்பவில்லை" என்று தலைப்புப் போட்டுப் பரப்பிவிட்டார்கள். அது மக்கள் இல்லை, அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் என்று மட்டும்தான் எழுதினேன். அதற்கு வந்த பதில்: "நீங்க குழாயில தண்ணி ஓடறத மட்டும் பாருங்க சார்." எழுதியவன் என்னிடம் படித்தவன்.

சரி, குழாயையே பார்ப்போம்.

இருபது வருஷமாக ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், அதாவது திரவங்கள் ஓடுவதைப் பற்றிய பாடம், நடத்துகிறேன். குழாய்க்குள் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடாது. சுவரை ஒட்டிய நீர் நகர்வதே இல்லை, நடுவில்தான் வேகம் அதிகம். கலங்காமல் அடுக்கடுக்காக ஓடும் லாமினார் ஓட்டத்தில் நடுவேகம் சராசரியைப் போல சரியாக 2 மடங்கு. ஒருமுறை லேபில் ஒரு பையன் பிட்டோ குழாயை (நீரின் வேகத்தை ஒரு புள்ளியில் அளக்கும் சின்னக் குழாய்) நட்டநடுவில் வைத்து ரீடிங் எடுத்து, பெரிய குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கி, இதுதான் டிஸ்சார்ஜ், நொடிக்கு இவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்றான். வெளியே வரும் தண்ணீரைப் பிடிக்கும் கலெக்டிங் டேங்கில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் அவ்வளவு தண்ணீர் சேரவில்லை. அவன் விடவில்லை. அதே இடத்தில் நாற்பது தடவை எடுத்தான். நாற்பதும் அச்சு மாறாமல் வந்தன. "எவ்ளோ கரெக்டா வருது பாருங்க சார்" என்றான். வரும்தான். பிட்டோ குழாயை நகர்த்தாதவரை நானூறு தடவை எடுத்தாலும் அப்படித்தான் வரும்.

வாக்கெடுப்பில் பொத்தானை அழுத்துகிறவர் யார்? ஆத்திரத்திலோ ஆர்வத்திலோ வேகமாக ஓடுகிறவர். ஓரத்தில் அசையாமல் இருப்பவர் அதில் பதிவாவதே இல்லை.

"இத்தனை ஆயிரம் பேர் சொன்னது பொய்யா?" என்பீர்கள். அமெரிக்காவில் 2021இல் முகநூல் வழியாக வாரம் சுமார் 2,50,000 பேரிடம் கேட்டார்கள். மே மாதம் அந்தக் கணிப்பு, கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் விகிதத்தை உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூட்டிக் காட்டியது. ஆட்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து, வாரம் சுமார் 1,000 பேரிடம் மட்டும் கேட்ட இன்னொரு கணிப்பு உண்மையை ஒட்டியே நின்றது. நேச்சர் என்ற அறிவியல் இதழில் அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆய்வு இது. முகநூல் கணிப்பு பிசகியது தடுப்பூசிக்குச் சாதகமாக. நான் சந்தோஷப்பட வேண்டிய எண்தான், ஆனாலும் அதை ஏற்க மாட்டேன். எண் யாருக்குச் சாதகம் என்பதா என் கேள்வி? பிட்டோ குழாயை எங்கே வைத்தீர்கள், அதாவது யாரிடம் கேட்டீர்கள் என்பதுதான்.

இணையத்தில் கேட்கவே கூடாதா என்றால், தாராளமாகக் கேளுங்கள். ஜனங்களுக்கு என்ன பயம், எந்த வதந்தி சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ள அது உதவும். எத்தனை பேர் என்று சொல்ல உதவாது.

என் அம்மாவுக்கும் பயம் இருந்தது. மூன்று நாள் யோசித்தார். ஊசி போடும் நர்ஸிடம் "காய்ச்சல் வந்தா என்னம்மா பண்றது?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்தப் பெண் சலிக்காமல் இரண்டு தடவையும் சொன்னார். அம்மா போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவர் எந்தப் பொத்தானையும் அழுத்தியதில்லை. 'நம்புகிறேன்', 'நம்பவில்லை' என்ற இரண்டு கட்டத்தில் அந்த மூன்று நாளை எங்கே வைப்பீர்கள்? "மக்கள் நம்பவில்லை" என்ற தலைப்பை அந்த மூன்று நாளுக்குள் அவர் பார்த்திருந்தால்? அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நீங்கள் டாக்டரா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. நான் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அளப்பதைப் பற்றிச் சொன்னேன். அது என் வேலை.

நேற்று பதில் எழுதியவனே, நாற்பது ரீடிங் எடுத்தவன் நீ இல்லை. அன்றைக்கு அவன் கையிலிருந்து பிட்டோ குழாயை வாங்கி, சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வளையம் வளையமாகக் கணக்குப் போட்டு டேங்க் அளவோடு பொருத்திக் காட்டியவன் நீ. யாரும் சொல்லாமல் நீயாகச் செய்தாய். அடுத்த வருஷம் வந்த பசங்களுக்கு உன் ரெக்கார்டு நோட்டைத்தான் காட்டினேன்.