‘முன் சஸ்பென்ஷன் தேய்மானம்’: எது ஐயா, எந்தப் பக்கம்?

மூன்றே மூன்று சொல். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் பாதுகாப்புச் சோதனைக்கு விட்டு, கால் கடுக்கக் காத்திருந்து வாங்கிய தாளில் இருந்தது அவ்வளவுதான்: ‘முன் சஸ்பென்ஷன் தேய்மானம்’. கீழே ஒரு சீல், ஒரு கிறுக்கல் கையெழுத்து. வண்டி ஃபெயில்.

முன் சஸ்பென்ஷன், அதாவது முன் சக்கரங்களை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு, என்ன ஒற்றைச் சாமானா? சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்ற இரும்புக் கைகள், இரண்டும் வண்டியோடு சேரும் இடத்தில் புஷ் என்ற ரப்பர் உருளை, நுனியில் பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டு, வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர், அதன் லிங்க், ஷாக் அப்சார்பர், அதற்கு மேலேயும் கீழேயும் ரப்பர். இது ஒரு பக்கத்துக்கு மட்டும். எது தேய்ந்திருக்கிறது என்று கேட்டால், “மெக்கானிக்கிட்ட காட்டுங்க சார், அவருக்குத் தெரியும்” என்கிறார் கவுண்டரில் இருந்தவர். வயிற்றில் கோளாறு என்று மட்டும் சீட்டில் எழுதி, மிச்சத்தை மருந்துக் கடையில் கேட்டுக்கொள் என்று அனுப்பும் டாக்டரை யாராவது சும்மா விடுவோமா? வண்டியின் அடியில் நின்று, கடப்பாரையால் நெம்பி, எது ஆடுகிறது என்று கண்ணால் பார்த்த மனிதர் சோதனை செய்தவர். ‘இடது கீழ் ஆர்ம், பின் புஷ்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. புஷ் போன வண்டி பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கும், பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பும், டயர் ஓரமாகத் தின்னும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். இந்த எடையுள்ள வண்டியில் அது விளையாட்டில்லை. அதனால்தான் கேட்கிறேன், அவ்வளவு ஆபத்தான சமாச்சாரத்தை இப்படியா மொட்டையாக எழுதுவது?

சரி, மெக்கானிக்கிடம் போனேன். ஒருவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிவிட்டு, “பால் ஜாயிண்ட் கல்லு மாதிரி இருக்கு” என்றார். இன்னொருவர் அதே டயரை ஆட்டி, “போச்சுங்க, மாத்திடுங்க” என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் ஜாக்கியைச் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்துக்கு அடியில் வைத்தார். என் வண்டியில் டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி, கீழ் ஆர்மைத்தான் அழுத்துகிறது. சேஸிஸைத் தூக்கினால் ஆர்ம் கீழே தொங்கும், அந்த அழுத்தத்தில் பால் ஜாயிண்ட் இறுகி நிற்கும், ஆட்டம் வெளியே தெரியாது. ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட் பக்கமாக வைத்துத் தூக்கினால்தான் பாரம் விலகி உண்மை வெளிவரும். சோதனை நிலையத்தில் எங்கே வைத்துத் தூக்கினார்கள்? யாருக்குத் தெரியும்! தாளில் அதற்கும் இடமில்லை.

கடைசியில் பால் ஜாயிண்ட்டும் போயிருந்தது, கீழ் ஆர்ம் புஷ்ஷும் போயிருந்தது. பால் ஜாயிண்ட் ஒரு மாதிரி ஒத்துழைத்துக் கழன்றது. என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது அந்தப் புஷ். கைக்குள் அடங்கும் சாமான். வெளியே ஒரு இரும்பு உறை, நடுவில் ரப்பர், உள்ளே இன்னொரு இரும்புக் குழாய், அந்தக் குழாய் வழியாகப் போல்ட். அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருஷத் தண்ணீரும் சேறும் சேர்ந்து போல்ட்டையும் உள் குழாயையும் ஒரே இரும்பாக்கிவிட்டன. நட்டு கழன்றுவிட்டது, போல்ட் வரவில்லை. ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகி இழுத்தால் தலை திரும்பும், கூடவே குழாய் திரும்பும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும், கையை விட்டதும் ‘டொய்ங்’ என்று பழைய இடத்துக்கே வந்து நிற்கும். துரு எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டுப் பார்த்தாயிற்று. எண்ணெய் குழாயின் இரண்டு ஓரத்தில்தான் போகிறது, நடுவில் இருக்கும் துருவுக்குக் கவலையே இல்லை. சுத்தியலால் அடித்தால் போல்ட்டின் மரை நசுங்குகிறது. சூடு காட்டினால் ரப்பர் பற்றிக்கொண்டு கரும்புகை. அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக ரொம்ப நாள் ஆகும்.

கடைசி வழி கிரைண்டர். பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு பிளேடு நுழையும் இடைவெளியில் போல்ட்டை இரண்டு பக்கமும் அறுத்து எடுத்தோம். ஆக, புஷ் வாங்கப் போனவன் போல்ட், நட்டு, வாஷரும் சேர்த்து வாங்க வேண்டியதாயிற்று. ஆர்மில் ஒட்டிக்கொண்ட வெளி உறையைப் பிரஸ்ஸில் வைத்தால் அசையவில்லை. ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு, ஆர்மில் கீறல் விழாமல் உறையை மட்டும் மெல்லப் பிளந்து, உளியால் உள்பக்கம் மடக்கி எடுக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிட்டது.

பாகம் விற்பவர்கள் தனிக் கூத்து. “எல்லா மாடலுக்கும் ஒண்ணுதான் சார்” என்று கொடுத்த புஷ்ஷின் உள் குழாய், போல்ட்டை விட அகலம். போல்ட் உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது. ஒரே வருஷ வண்டியிலேயே பாதியில் அளவு மாறியிருக்கும். பழையதைக் கையில் கொண்டுபோய்க் காலிப்பர் வைத்து அளந்து காட்டினாலும், “போட்டுப் பாருங்க, உட்கார்ந்துடும்” என்பதுதான் பதில். எங்கே உட்காரும்? இன்னொருவர் ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் என்ற கெட்டியான செயற்கைப் பொருளில் செய்த புஷ் போடச் சொன்னார், ஆயுசுக்கும் வருமாம். அதற்குரிய கிரீஸ் இல்லாமல் மாட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கட்டில் மாதிரி கிறீச்சிடும், அதை அவர் சொல்லவில்லை.

மாட்டும்போதும் நிம்மதி இல்லை. வண்டியைத் தூக்கி வைத்து, ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ்ஷுக்கு அது எமன். சக்கரம் தரையில் நின்று வண்டி தன் உயரத்துக்கு வந்தபிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். இதைச் சொன்னதற்கு மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார்! டார்ஷன் பாரைத் தளர்த்தும் முன் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டின் மரை எவ்வளவு வெளியே நிற்கிறது என்று குறித்து வைக்கச் சொன்னதற்கும் அதே பார்வைதான். குறிக்காமல் விட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், அலைன்மென்ட்டும் கோவிந்தா.

இதில் உச்சம், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிள் என்ற துண்டின் புஷ் நசுங்கி ஒரு பக்கமாகப் பிதுங்கி நிற்கிறது. குனிந்து பார்க்கக்கூட வேண்டாம், பம்பருக்குப் பின்னாலேயே தெரியும். தாளில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. முன்னால் கடப்பாரை போட்டு நெம்பியவர் பின்னால் போய்ப் பார்த்தாரா? புது ரப்பரும் நெம்பினால் கொஞ்சம் அசையத்தான் செய்யும். நாளைக்கு அதையும் ‘தேய்மானம்’ என்று எழுத மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மறுசோதனைக்குப் போகிறேன். இந்த முறை வண்டிக்கு அடியில் சோதிப்பவர் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன். ஜாக்கியை எங்கே வைக்கிறார் என்று பார்ப்பேன். ஏதாவது ஆடினால், எந்தப் புஷ், எந்தப் பக்கம் என்று எழுதி வாங்காமல் சாவியை எடுக்க மாட்டேன்.