நாக்கு சோம்பேறியாக இருந்தால்தான் ஐயா அந்த ஒலி வரும்

அந்த ஸ்பானிய வகுப்புக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். சிலர் சிரிப்புப் பொம்மை போட்டுப் பகிர்ந்தும் இருக்கிறீர்கள், பார்த்தேன். அதனால் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. வகுப்பில் ஸ்பானியம் கற்கும் அந்தப் பெண்ணுக்கு 'பெர்ரோ' என்ற சொல்லில் ரகரத்தை உருட்ட வரவில்லை, அவ்வளவுதான். அதற்காக அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, ஒவ்வொரு முறையும் கேமராவைப் பார்த்துச் சிரித்து, கடைசியில் "நாக்கு சோம்பேறி" என்று ஒரு பட்டமும் கொடுத்தாரே ஆசிரியர், அதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

உருளும் ர் என்பது நாக்கு உழைத்து உண்டாக்கும் ஒலி அல்ல. நாநுனி அத்தனை வேகமாகத் துடிப்பது நம் ஆணைக்குக் கட்டுப்பட்டு அல்ல. நாம் செய்ய வேண்டியது, நாக்கின் ஓரங்களை மேல் கடைவாய்ப் பற்களில் அணைத்து, நுனியை மேற்பல் ஈறுக்குப் பின்னால் தளர்வாக வைத்து, மூச்சை விடுவது மட்டும்தான். காற்று நுனியைத் தள்ளித் திறக்கிறது. அழுத்தம் குறைந்ததும் நுனி தானாகத் திரும்பி வந்து மூடுகிறது. மறுபடி காற்று, மறுபடி திறப்பு. கொடி படபடப்பது போல. கொடியை நாலு பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டு "படபட, படபட" என்று கத்தினால் படபடக்குமா? பயந்தால் நாக்கு விறைக்கும். விறைத்த நாக்கு உருளாது. அவர் சிரித்த ஒவ்வொரு முறையும் அந்த ஒலி அவளை விட்டு இன்னும் தள்ளிப் போனது.

"பொருளே மாறிவிடுமே, திருத்த வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்பானியத்தில் ரகரத்துக்கு நாநுனி ஒரே ஒரு தட்டுத் தட்டி முடியும் 'பெரோ' என்றால் 'ஆனால்'. உருட்டிய 'பெர்ரோ' என்றால் 'நாய்'. ரகரம் சொல்லின் தொடக்கத்தில் வந்தாலும், ன், ல், ஸ் ஆகியவற்றுக்குப் பின் வந்தாலும் உருட்டத்தான் வேண்டும். கற்பவர் இதை அறிந்தே ஆக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் "என் ஆனால் குரைக்கிறது" என்று யாரும் புரிந்துகொள்ளப் போவதில்லை. அந்த மொழியில் பிறந்த குழந்தைகளுக்கே கடைசியாகக் கைவரும் ஒலிகளில் இதுவும் ஒன்று. திருத்துங்கள். திருத்துவதற்குச் சிரிப்பு எதற்கு?

அடுத்து நம் பெருமிதக்காரர்கள். "நமக்கு ர, ற இரண்டும் உண்டு, தமிழ் வாய்க்கு இது ஒரு பொருட்டா?" அப்படியா? கரை, கறை இரண்டையும் சொல்லிப் பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒன்றுதான், அதுவும் ஒரு தட்டு. மலையாளத்தில் இன்றும் இரண்டும் தனித்தனியாகக் கேட்கின்றன. நாநுனி அண்ணத்தை வருடினால் ர, ஒற்றினால் ற என்று தொல்காப்பியம் பிரித்துச் சொன்னதைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நாம், ஒரு பெண்ணின் 'பெர்ரோ'வுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

எனக்கு ரகரம் வெகு தாமதமாக வந்தது. அதுவரை எல்லாம் யகரம்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி "ரயில் சொல்லு" என்பார்கள். "யயில்" என்பேன். கூடமே சிரிக்கும். அன்புச் சிரிப்புதான் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த அன்பு தாங்காமல் நான் ரகரம் இல்லாத சொற்களைத் தேடிப் பேசப் பழகினேன். மழை வரும் என்று சொல்ல மாட்டேன், மழை பெய்யும் என்பேன். ஆசிரியரை எப்போதும் 'ஐயா' என்றே அழைத்தேன். மரியாதையான பிள்ளை என்று பெயர் கிடைத்தது. என் பெயரிலேயே ர இருக்கிறது. யாராவது பெயர் கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன்.

"அந்தப் பெண்ணும் சேர்ந்துதானே சிரித்தாள்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன் ஐயா. சிரிக்காவிட்டால் உம்மணாமூஞ்சி என்ற பட்டமும் சேர்ந்து கிடைக்கும்.

பண்டைய கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனீஸை உதாரணத்துக்கு இழுத்துக்கொண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவருக்கும் ரகரம் வரவில்லை, பயிற்சியால் வென்றார் என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியிருப்பது உண்மை. அவர் எங்கே பயிற்சி செய்தார் என்பதையும் சொல்லுங்களேன். நிலவறையில், தனியாக. வெளியே போகும் ஆசை வரக் கூடாது என்று தலையில் ஒரு பக்கத்தை மழித்துக்கொண்டு உள்ளேயே கிடந்தார் என்கிறார் அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க். கேமரா முன்னால் அல்ல.

இதில் இன்னொரு வேடிக்கை. தொண்டையில் உரசும் ரகரத்தைப் பிரெஞ்சுக்காரர் சொன்னால் ஆஹா, என்ன நளினம். அதையே இத்தாலியர் ஒருவர் தன் மொழியில் சொன்னால் குறை என்று கிண்டல். ஒலி ஒன்றுதான், ஆள்தான் வேறு. ஜெர்மானிய மேடை உச்சரிப்புக்கு 1898-இல் விதி வகுத்தபோது நாநுனி ரகரமே சரி என்றார்கள். இன்று பெரும்பாலான ஜெர்மானியர்கள் தொண்டையில்தான் சொல்கிறார்கள். ஒரு நாடே சோம்பேறியாகிவிட்டதா? யாருடைய நாக்கு சரி என்பதை நாக்கு தீர்மானிப்பதில்லை. யார் யாரைப் பார்த்துச் சிரிக்க முடியும் என்பதுதான் தீர்மானிக்கிறது. சிரிக்கிறவர்களுக்கு ஏதோ ஓர் ஒலி பிறவியிலேயே வாய்த்துவிட்டது. அதற்காக அவர்கள் ஒரு நாளும் உழைக்கவில்லை.

"சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீளப் பதிவா?" ஆம். படிக்க வேண்டாம், போங்கள்.

கருத்துப் பெட்டியில் சிரிக்கக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். செக் மொழியில் ஓர் ஒலி உண்டு: ரகரத்தை உருட்டிக்கொண்டே, அதே நொடியில் ஷகரத்தைப் போன்ற உரசலையும் கலக்க வேண்டும். அங்கே பிறந்த குழந்தைகளே அதற்குத் திணறுவார்கள். அந்த நாட்டின் அதிபராக இருந்த வாட்ஸ்லாவ் ஹாவெல்லுக்குச் சாதாரண ரகரமே மற்றவர்களைப் போல வராது. நாட்டை ஆள அது தடையாக இருக்கவில்லை. நாம் டுவோர்ஷாக் என்று எழுதும் இசையமைப்பாளரின் பெயர் நடுவில் அந்த ஒலிதான் இருக்கிறது. அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லி, குரலைப் பதிவு செய்து கீழே போடுங்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.