பெனால்டி கோர்னருக்கு ஒரு ஆள் வந்திருக்கு, வேலை செய்ய விடுங்கோ

எங்கட வட்ஸ்அப் குரூப் ரெண்டும் ரெண்டு நாளா பத்தி எரியுது, ஏனெண்டு இங்க கன பேருக்கு தெரியும். எங்கட பெண்கள் ஹொக்கி டீமுக்கு புதுசா ஒரு அசிஸ்டன்ட் கோச் எடுத்திருக்காங்கள். மாத்தளைப் பக்கத்துப் பிள்ளை, டிஃபன்ஸில விளையாடினவ, இன்னும் முப்பது வயசு ஆகேல்ல. டீம்ட பேரையோ அந்தப் பிள்ளைட பேரையோ நான் இதில போடமாட்டன், இப்பதான் வேலைக்கு வந்த ஒரு ஆளை பேஸ்புக்கில பேர் சொல்லி இழுக்கிறது எனக்கு சரியாப் படேல்ல. ஆனா விசயத்தைப் பற்றி கதைச்சே ஆகோணும், ஏனெண்டா அக்காட மகள் இந்த டீமிலதான் விளையாடுறா, நானும் ஸ்கூல் காலத்தில ரைட் ஹாஃப் விளையாடினனான், அதோட குரூப்பில வாற கதைகளைப் பாத்திட்டு பேசாம இருக்க என்னால ஏலாது.

குரூப்பில சொல்லுற குறைகள் இதுதான். நேஷனல் ஜேர்சி போடாத ஆளை ஏன் எடுத்தனீங்க, திருகோணமலையில ஆளே இல்லாத மாதிரி ஏன் வெளியில இருந்து கூட்டி வந்தனீங்க, இவ்வளவு வருசமா டீமை பாத்துக்கொண்டிருக்கிற சேருக்கு இது அவமானம் இல்லையா, கடைசியா எங்களுக்கு கோல்தானே வேணும் அப்ப ஒரு ஃபோர்வர்ட் ஆளைத்தானே எடுத்திருக்கோணும் எண்டது. வெளியூர் கதைக்கு நான் கன நேரம் செலவழிக்கப் போறேல்ல. மாத்தளை ஹொக்கிக்கு பேர் போன இடம், அங்க சின்ன வயசிலேயே ஸ்டிக்கோட திரியுற பிள்ளையள் இருக்கு, அங்க பழகின ஒரு ஆள் ஹபரணை தாண்டி பஸ் ஏறி எங்களிட்ட வந்து சொல்லிக் குடுக்கிறன் எண்டா வாங்கோ பிள்ளை எண்டு கூப்பிட்டு இருத்துறதுதான் எங்கட பழக்கம்.

கடைசிக் கதைதான் முக்கியமான கதை. கோல் வேணும், ஃபோர்வர்ட் ஆள் வேணும். போன சீசன் நாங்கள் தோத்த மெட்ச்களை ஒருக்கா ஞாபகப்படுத்திப் பாருங்கோ. முக்கால்வாசி ஒரு கோல் வித்தியாசத்தில தோத்தது. அந்த ஒரு கோல் எங்க இருந்து வந்தது? பெனால்டி கோர்னர். எங்கட பிள்ளையள் ஓடி ஓடி விளையாடி நடு கிறவுண்டில பந்தை வச்சிருப்பாங்கள், பிறகு எங்கட கோலுக்கு முன்னால இருக்கிற வட்டத்துக்குள்ள எங்கட ஆற்றயாவது காலில பந்து படும், அம்பயர் கையைக் காட்டுவார், எங்கட ஆக்கள்ட முகம் அந்த இடத்திலேயே விழுந்திடும். அடியில ஓட்டை இருக்கிற போட்டுக்கு பெரிய எஞ்சின் பூட்டி என்ன பிரயோசனம்?

ஹொக்கி பாக்காத ஆக்களும் இதை வாசிப்பீங்க எண்டதால கொஞ்சம் சொல்லுறன். பெனால்டி கோர்னர் குடுத்தா கோல் போஸ்ட்டில இருந்து 10 மீற்றர் தள்ளி பின்கோட்டில பந்தை வச்சு ஒரு ஆள் வெளியால தள்ளிவிடும், அதை வட்டத்துக்கு வெளியில ஒரு ஆள் நிப்பாட்டும், இன்னொரு ஆள் கோலுக்கு அடிக்கும். தடுக்கிற பக்கத்தில கீப்பரோட சேத்து 5 பேர்தான் கோல் லைனுக்குப் பின்னால நிக்கலாம், மிச்ச ஆக்கள் எல்லாம் நடுக்கோட்டுக்கு அங்கால போயிடோணும். முதல் ஷொட் ஹிட்டா இருந்தா 460 மில்லிமீற்றருக்கு மேல, அதாவது கோலுக்குள்ள இருக்கிற பலகைட உயரத்துக்கு மேல போகக்கூடாது. ஆனா ஃபிளிக் செய்தா, அதாவது அடிக்காம ஸ்டிக்கால தள்ளித் தூக்கிவிட்டா, அந்தக் கட்டுப்பாடு இல்ல, மேல் மூலைக்கே போடலாம், பந்தை ஸ்டிக்கில இழுத்துக்கொண்டு வந்து வீசுற ட்ராக் ஃபிளிக் எண்டா எல்லாரும் நடுங்கிறது அதாலதான். பந்தைத் தள்ளினதில இருந்து ஷொட் வாற வரைக்கும் ரெண்டு செக்கன் கூட வராது. அந்த நேரத்துக்குள்ள முதல் ஓடுற ஆள் பாய்ஞ்சு போய் ஸ்டிக்கை எங்க வைக்கோணும், ரெண்டாவது ஆள் எந்தப் பக்கம் மூடோணும், போஸ்ட்டில நிக்கிற ஆள் எதைப் பாக்கோணும், கீப்பர் எவ்வளவு தூரம் முன்னுக்கு வரோணும் எண்டு எல்லாம் முதலே தெரிஞ்சிருக்கோணும். அது வீரத்தில வாறேல்ல, திரும்பத் திரும்ப பழகித்தான் வரும். எங்கட சேருக்கு அதுக்கு நேரம் எங்க இருக்கு? அந்த மனுசன்தான் ஃபிட்னஸும் பாக்கிறார், டீம் செலக்சனும் செய்யிறார், பஸ்ஸும் பேசுறார், தாய் தகப்பன்மாற்ற சண்டையையும் தீர்க்கிறார்.

2021 ஆகஸ்ட் 2, டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் குவாட்டர் ஃபைனல் பாத்த ஆக்கள் மறந்திருக்க மாட்டீங்க. இந்தியா அவுஸ்ரேலியாவை 1-0 எண்டு அடிச்சது. இந்தியாவுக்கு கிடைச்சது ஒரே ஒரு பெனால்டி கோர்னர், குர்ஜித் கவுர் அதைக் கோலாக்கினா. அவுஸ்ரேலியாவுக்கு கிடைச்சது 7, ஒண்டும் உள்ள போகேல்ல. சவிதா புனியா கோலில மலை மாதிரி நிண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா அவவுக்கு முன்னால ஒவ்வொரு தரமும் பாய்ஞ்சு ஓடின பிள்ளையளை நான் பாத்துக்கொண்டே இருந்தன், உடம்பைக் குடுத்து ஓடினாங்கள். அடுத்தது செமி ஃபைனல், ஆர்ஜென்டினாவோட. அங்க 2-1 எண்டு தோத்தது, ஆர்ஜென்டினாட ரெண்டு கோலையும் அடிச்சது கப்டன் நோயல் பாரியோனுவேவோ, ரெண்டும் பெனால்டி கோர்னரில இருந்து. அதே டீம், ரெண்டு நாள் இடைவெளி. கோர்னரை மறிச்ச நாள் சரித்திரம், மறிக்க ஏலாத நாள் அழுகை. இதுக்கு மேல எனக்கு என்ன உதாரணம் வேணும்?

அந்த இந்திய டீமில ஹெட் கோச் ஸ்யோர்ட் மரைன. அவருக்குப் பக்கத்தில இருந்து மெட்ச்களை அலசிக் குடுத்தது யனெக்கெ ஸ்கொப்மன் எண்ட நெதர்லாந்துக்காரி, 2008 பெய்ஜிங்கில தங்கம் எடுத்த டீமில விளையாடினவ. டோக்கியோ முடிய மரைன போனார், அவதான் ஹெட் கோச்சா வந்தா. ஆண்கள் பக்கம் பாத்தாலும் இதேதான். டோக்கியோவில பெல்ஜியம் தங்கம் எடுக்கேக்க ஷேன் மக்லியொட்டுக்கு உதவியாளரா இருந்த கிரெய்க் ஃபுல்ட்டன்தான் 2023இல இந்திய ஆண்கள் டீமுக்கு வந்து 2024 பாரிஸில வெண்கலம் எடுத்துக் குடுத்தவர். அவருக்கு முதல் இருந்த கிரஹாம் ரீடும் அவுஸ்ரேலியாவில ரிக் சார்ள்ஸ்வேர்த்துக்குக் கீழ உதவியாளரா இருந்து வந்த மனுசன், இந்தியாவுக்கு 41 வருசத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வந்தது அவர்ட காலத்திலதான். அசிஸ்டன்ட் எண்டா கோன் தூக்கி வைக்கிற, தண்ணிப் போத்தில் எடுத்துக் குடுக்கிற ஆள் எண்டு எங்கட ஊரில ஒரு நினைப்பு இருக்கு. உலகத்தில பெரிய டீம்கள் எல்லாம் அந்தக் கதிரையிலதான் அடுத்த ஹெட் கோச்சை வளக்குது.

பெரிய பேர் வேணும் எண்டு கேக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லோணும், பேரை நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. அவுஸ்ரேலியாக்காரர் கிறிஸ் சிரியெல்லோ 2014 உலகக் கிண்ண ஃபைனலில நெதர்லாந்துக்கு எதிரா ஹாட்ரிக் அடிச்சவர், 6-1 எண்டு முடிஞ்ச மெட்ச், அவரை இந்தியா 2018இல அனலிட்டிக்கல் கோச்சா எடுத்தது. ஆனா அவர்ட்ட இருந்தது பேர் மட்டும் இல்ல, ட்ராக் ஃபிளிக் எண்ட ஒரு குறிப்பிட்ட தொழில் கைவசம் இருந்தது. பேரோட தொழிலும் சேந்து வந்தா சந்தோசம். எங்கட காசுக்கு ரெண்டும் சேந்து வராது, அப்ப நான் தொழிலைத்தான் எடுப்பன்.

அந்தத் தொழில் இந்தப் பிள்ளைட்ட இருக்கா எண்டு கேட்டா, நான் போய்ப் பாத்தன். போன கிழமை பின்னேரம் பிரக்டிஸுக்குப் போய் கரையில இருந்தன். எங்கட பிள்ளையள் பழகிறது மண் கிறவுண்ட், பந்து துள்ளும், தள்ளுற இடத்தில இருந்து வட்டத்து உச்சி வரைக்கும் நேரா வராது. அவ என்ன செய்தா தெரியுமா, ஒரு பூவாளியில தண்ணி எடுத்து அந்தப் பாதைக்கு மட்டும், ஒரு முழ அகலத்துக்கு தெளிச்சா, காலால கல்லைத் தட்டினா, பிறகு ரெண்டு பிள்ளையளை விட்டு உருளையை இழுப்பிச்சா. அதுக்குப் பிறகு பந்து சறுக்கிக்கொண்டு போற சத்தமே வேற. பிறகு கோலுக்குள்ள சுண்ணாம்பால ஓராளுக்கு ஒரு அடையாளம் போட்டா. முதல் ஓடுற பிள்ளை எப்பவும் வலது காலை முதல் வச்சுக் கிளம்புது, அதால அரை அடி சுத்திப் போகுது, அதை அவ மண்ணில முழங்காலில இருந்து, கால்மட்டத்தில இருந்து பாத்துக் கண்டுபிடிச்சா. "இடது கால், தங்கச்சி, இடது கால், திரும்ப" எண்டு சொல்லிச் சொல்லி இருட்டுற வரைக்கும் அதே ஓட்டம். கத்தேல்ல, ஏசேல்ல. முகத்துக்கு மாஸ்க் போடாம ஒரு பிள்ளை ஓடப் பாக்க மட்டும் விசிலை ஊதி நிப்பாட்டிப் போட்டா, மாஸ்க் இல்லாட்டி ஓட்டம் இல்ல எண்டு. அக்காட மகள் வீட்டுக்கு வந்து சாப்பிடேக்கயும் கதிரைக்குக் கீழ காலை மாத்தி மாத்தி வச்சுக்கொண்டிருந்தா. எனக்கு அண்டைக்கே முடிவு விளங்கிட்டு.

இனி அந்த "பொம்பிளைப் பிள்ளை என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போகுது" எண்ட மெசேஜ். போட்டவர் பிறகு அழிச்சிட்டார், ஆனா கன பேர் பாத்தது. பெண்கள் டீம் ஐயா அது! பதின்மூண்டு பதினாலு வயசுப் பிள்ளையளோட ராத்திரி பஸ்ஸில கொழும்புக்குப் போய் விடிய இறங்கி அண்டைக்கே டேர்ஃபில, அதாவது செயற்கைப் புல் கிறவுண்டில, விளையாடுற டீம். அந்தப் பயணத்தில ஒரு பிள்ளைக்கு ஏதும் எண்டா சேருக்கு சொல்லக் கூச்சப்பட்டு பேசாம வயித்தைப் பிடிச்சுக்கொண்டு விளையாடின கதை எங்கட காலத்திலயே இருக்கு. ஒரு அக்கா கூட வாறா எண்டாலே பாதிப் பிரச்சினை முடியும், கன தாய்மார் மகளை அனுப்ப ஓம் எண்டு சொல்லுவாங்கள். ஸ்கொப்மன் எவ்வளவு பெரிய ஆள், ஒலிம்பிக் தங்கம் எடுத்த ஆள், அவவே 2024இல விலகேக்க தனக்கு மதிப்புக் கிடைக்கேல்ல எண்டு வெளிப்படையாச் சொல்லிட்டுத்தான் போனா, அதுக்குப் பிறகு ஜேர்மனி கூப்பிட்டு தங்கட பெண்கள் டீமைக் குடுத்தது. நாங்களும் அப்பிடி ஒரு ஆளைத் துரத்திப்போட்டு பிறகு வேற மாவட்டம் கப் எடுக்கிறதைப் பாத்துக்கொண்டு இருக்கோணுமா?

சேருக்கு அவமானம் எண்டுறதும் பிழை. நான் சேரோட கதைச்சன், அவர் சொன்னது "எனக்கு ஒரு கை கிடைச்சிருக்கு பிள்ளை" எண்டுதான். அவரை வச்சு அரசியல் செய்யாதீங்கோ தயவுசெய்து.

எனக்கு உண்மையான கோவம் கமிட்டியோடதான். ஆளை எடுத்தது சரி, எடுத்த விதம் சரியில்ல. ஒரு சீசனுக்கு மட்டும் எடுத்திருக்காங்கள், என்ன வேலை எண்டு ஒரு தாளிலயும் எழுதேல்ல. பெனால்டி கோர்னர் ரெண்டு பக்கமும் அவட பொறுப்பு எண்டு சொல்லிக் குடுத்தா அதை வச்சு சீசன் முடிய நாங்கள் கேள்வி கேக்கலாம், எத்தனை கோர்னர் குடுத்தம், எத்தனை உள்ள போச்சு எண்டு. எழுதாட்டி ரெண்டு மெட்ச் தோத்த உடன எல்லாப் பழியும் அந்தப் பிள்ளைட தலையில விழும், ஃபோர்வர்ட் கோல் அடிக்காததுக்கும் அவதான் பதில் சொல்லோணும். ஒரு சீசனில டிஃபன்ஸ் பழகிறதே பெரிய விசயம், கோர்னரில கோல் அடிக்க ஒரு ட்ராக் ஃபிளிக்கரை உருவாக்கிறதுக்கு வருசக் கணக்கா முதுகும் காலும் பழகோணும், ஆகக் குறைஞ்சது ரெண்டு சீசன் குடுங்கோ. தங்கிற இடத்தையும் ஒழுங்கா பாத்துக் குடுங்கோ, தூரத்தில இருந்து ஓட்டோவுக்கு தன்ட காசைக் குடுத்து வாறா எண்டு கேள்விப்பட்டன், அது எங்களுக்கு அழகில்ல.

மெட்ச் நேரம் கரையில நிண்டு "அடி, வெளியால அடி" எண்டு கத்துற தகப்பன்மாரே, நீங்கள் ஆசையில கத்துறீங்க, விளங்குது. ஆனா கோர்னர் குடுத்த நேரம் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ, உள்ள பிள்ளையள் கீப்பர்ட குரலைத்தான் கேக்கோணும்.

காசை கோச்சுக்குக் குடுக்காம சாமான் வாங்கியிருக்கலாம் எண்டு ஒரு அண்ணன் எழுதியிருந்தார், அவர் சொன்னதில ஒரு நியாயம் இருக்கு. கீப்பர் பிள்ளைட பேட் வார் அறுந்து சீலைத் துண்டால கட்டியிருக்கு, நான் கண்ணால பாத்தன், அந்தக் கட்டு ஓட்டத்தில அவிழுது. அதைப் போட்டுக்கொண்டு ஃபிளிக்குக்கு முன்னால நில்லுங்கோ எண்டு ஒரு பிள்ளைட்ட சொல்ல எங்களுக்கு உரிமை இல்ல. ஆனா அதுக்குப் பரிகாரம் கோச்சை நிப்பாட்டுறது இல்ல, பேட் வாங்குறது. லண்டனிலயும் டொரொன்ரோவிலயும் இருக்கிற எங்கட பழைய ஆக்கள் இந்தப் பதிவைப் பாப்பீங்க, ஒரு செற் லெக் கார்ட், கிக்கர், ஒரு ஹெல்மெட். பாவிச்சதா இருந்தாலும் பரவாயில்ல, வார் நல்லா இருந்தாச் சரி. காசா கமிட்டிக்கு அனுப்ப வேண்டாம், சாமானா அனுப்புங்கோ. கீப்பர் பிள்ளைட உயரமும் கால் அளவும் நாளைக்கு பிரக்டிஸில கேட்டு கீழ கொமன்ட்டில போடுறன்.