எஃப்.ஒய். வகுப்பில் இரண்டு தமிழர்கள்

கல்லூரி திறந்து ஒரு வாரம்கூட ஆகாது, மும்பை ஆசிரியர் அறைகளில் பேச்சு ஆரம்பித்துவிடும்: "இந்த வருஷ எஃப்.ஒய். (முதலாண்டு) பசங்களுக்கு எதிலும் அக்கறையே இல்லை." போன வருஷமும் இதையேதான் சொன்னோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அப்படி ஒரே அச்சில் வார்த்த கூட்டம் எதுவும் வகுப்புக்குள் வருவதாகவே எனக்குத் தெரியவில்லை.

பி.காம். முதலாண்டில் நான் வழக்கமாகப் பார்க்கிற இரண்டு விதத் தமிழ்ப் பிள்ளைகளைச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு வீடு மும்பையின் செம்பூர் அல்லது முலுண்ட் பகுதி. அப்பா வங்கி அதிகாரி. வீட்டில் தமிழ் பேசுவார்கள், பிள்ளைக்கு எழுதப் படிக்க வராது. மொழிச் சிறுபான்மைக் கல்லூரியில் தமிழர்களுக்கு ஒதுக்கிய இடம் கிடைத்துவிடும். சி.ஏ. ஃபவுண்டேஷன் (பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் தேர்வு) கோச்சிங் ஏற்கெனவே தொடங்கியாயிற்று. டிகிரி ஒரு பக்கம் ஓடட்டும் என்ற கணக்கு.

இன்னொரு பிள்ளை தாராவி. மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அதில் தமிழ் வழி. ஜூனியர் காலேஜில் (பதினொன்றாம் வகுப்பு) கால் வைத்ததும் அக்கவுண்ட்ஸ், எகனாமிக்ஸ் எல்லாம் ஒரே நாளில் ஆங்கிலம். அதைத் தாண்டித்தான் எஃப்.ஒய். வந்திருக்கிறது. தமிழை நன்றாக எழுதும். கல்லூரியில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

முதல் நாள் இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்வி. "சார், அட்டென்டன்ஸ் எவ்வளவு வேணும்?" 75 சதவீதம். ஒருவருக்கு கோச்சிங், இன்னொருவருக்கு மதியம் கடையிலோ கூரியர் ஆபீஸிலோ வேலை. நகரத்தில் பல காமர்ஸ் கல்லூரிகள் காலை ஏழு மணிக்கே வகுப்பைத் தொடங்குவதன் வசதியே இதுதானே! அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் நமக்கு ஏன் முகம் சுருங்க வேண்டும்?

2024 முதல் மேஜர் (முதன்மைப் பாடம்), மைனர் (துணைப் பாடம்), ஓபன் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்று புதிய பாடத்திட்டம் வேறு. செம்பூர் அப்பா பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டு வருவார். தாராவிப் பிள்ளை நண்பன் எதை டிக் செய்தானோ அதையே டிக் செய்யும். சரி, இதையாவது ஒரு மணி நேரம் உட்கார வைத்து விளக்கிவிடலாம்.

விளக்கியும் தீராத விஷயம் சாதிச் சான்றிதழ். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பங்கள் தாராவியில் தலைமுறைகளாக இருக்கின்றன. ஊர் தாசில்தார் கொடுத்த சான்றிதழ் மகாராஷ்டிர மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் 1990லும் 2018லும் சொல்லிவிட்டன. உள்ளூர் மக்களின் இடத்தை வெளியூர்க்காரர்கள் எடுத்துவிடக் கூடாது என்ற நியாயம் புரிகிறது. ஆனால் சயான் மருத்துவமனையில் பிறந்து, மராத்தி பேசி வளர்ந்த பேத்தி எந்த ஊரிலிருந்து குடிபெயர்ந்தாள்? அவள் இங்கே ஓபன் கேட்டகரி, அதாவது ஒதுக்கீடு இல்லாத பொதுப் பிரிவு. தோல் பதனிடும் தொட்டியில் நின்ற தாத்தா 1950க்கு முன்பே வந்திருந்தாலும் கையில் காகிதம் இருக்காது.

இது பல பிள்ளைகளுக்கு அட்மிஷன் கவுன்டரில்தான் தெரியவருகிறது. ஊரில் கிடைக்கும் சலுகை இங்கேயும் கிடைக்கும் என்று நம்பி வந்து, முழு ஃபீஸ் ரசீதைப் பார்த்து நிற்பார்கள். செப்டம்பரில் அதே பிள்ளை கடைசி பெஞ்சில் தூங்கினால் நாம் சொல்வது, "அக்கறை இல்லை". சில பாடங்களில் தோற்று ஏடிகேடி (பாக்கி வைத்தபடி அடுத்த வகுப்புக்குப் போவது) வாங்கினால் "சொன்னேன்ல".

நம் தமிழ் அமைப்புகளும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வருஷா வருஷம் கேடயம் கொடுக்கின்றன. கொடுக்கட்டும். அதே மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, இந்தச் சான்றிதழ் விதி தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் பிள்ளைகளுக்குக் கூடுதல் உபயோகம். அதையும் ஒன்பதாம் வகுப்பிலேயே செய்ய வேண்டும். தாத்தா, அப்பா படித்த பள்ளியின் லீவிங் சர்டிபிகேட், பழைய வேலைச் சான்று, பிறப்புப் பதிவு ஆகியவற்றைத் தேடிப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். மேசையில் உட்கார ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன்.